சிவப்பு விளக்கு ஆயில் அளவைச் சொல்லாது

திருமயம் தாண்டி நின்றுபோன கார் ஒன்றைப் போன வாரம் கட்டி இழுத்து வந்தார்கள். காரைக்குடிக்குக் கல்யாணத்துக்கு வந்த சென்னைக் குடும்பம். இன்ஜின் சீஸ், அதாவது உள்ளே இறுகிச் சுற்றாமல் நின்றுவிட்டது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினால் நுனியில்கூட ஆயில் இல்லை. "அண்ணே, லைட் எரிஞ்ச உடனே ஓரங்கட்டிட்டேனே" என்கிறார் ஓட்டி வந்தவர். இதையே எத்தனை பேரிடம் கேட்பது?

டாஷ்போர்டில் எரியும் அந்தச் சிவப்பு ஆயில் விளக்கு, ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை, அழுத்தத்தைத்தான் பார்க்கிறது. 4 லிட்டர் பிடிக்கிற இன்ஜினில் 2 லிட்டர் குறைந்தாலும், பம்புக்கு உறிஞ்ச ஆயில் கிடைக்கிறவரை விளக்கு எரியாது. பம்ப் காற்றை இழுக்கும்போதுதான் எரியும். அதற்குள் இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்கைத் தாங்கும் பேரிங் காயத் தொடங்கியிருக்கும். பெட்ரோல் முள் மாதிரி முன்கூட்டியே எச்சரிக்கும் என்று நம்பாதீர்கள். வளைவில் ஒருமுறை மினுக்கி அணைந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

'சர்வீஸ் விட்டு 10,000 கிலோமீட்டர் ஆகலையே' என்பது அடுத்த வாதம். நல்ல இன்ஜினும் கொஞ்சம் ஆயில் குடிக்கும். 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரை சரி என்று சில வண்டிகளின் மேனுவலிலேயே இருக்கிறது. அதில் பாதி குடித்தாலே அடுத்த சர்வீஸுக்குள் எல்லாம் காலி.

நிறுத்தி வைத்த வண்டி ஸ்டார்ட் ஆனதும் நீலப்புகை விட்டு அடங்கினால் பெரும்பாலும் வால்வு சீல் தேய்ந்திருக்கும். ஓட்டத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். ஆனால் ரிங் என்று இன்ஜினைப் பிரிக்கும் முன் இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் பி.சி.வி. வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்தாலும் ஆயில் எரியும், செலவோ கொஞ்சம்தான். புகையே தெரியாமல் குடிக்கிற வண்டியும் உண்டு.

நம் காரைக்குடிப் பக்கத்தில், வெளியூரில் இருப்பவர்கள் வீட்டோடு சேர்த்துக் காரையும் பூட்டிவிட்டுப் போகிறார்கள். திருவிழாவுக்கு வந்து பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று ஓட்டிவிட்டு மறுபடி பூட்டு. இன்ஜின் முழுச் சூடு ஏறாத சின்ன ஓட்டங்களில் ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் சேரும். ஓடாவிட்டாலும் வருஷம் ஒருமுறை மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் ஆயில் ரிங் கரியில் ஒட்டிக்கொள்ளும்.

ஆயில் குடிக்கிறதே என்று கெட்டி ஆயில் ஊற்றச் சொல்லாதீர்கள். மேனுவலில் என்ன கிரேடோ அதுதான்.

தயவுசெய்து மாதம் இருமுறை, நெடும்பயணத்துக்கு முன்பும், டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். சமதரையில், இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து. துடைத்து, முழுக்க உள்ளே விட்டு, மறுபடி எடுங்கள். மேல் குறியைத் தாண்டவும் கூடாது. கிராங்க் அடித்து ஆயிலை நுரையாக்கிவிடும். குடிக்கிறது என்று சந்தேகமா? மேல் குறிவரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து வையுங்கள். 1,000 ஓடியதும் எவ்வளவு ஊற்ற வேண்டியிருந்தது என்ற கணக்கோடு மெக்கானிக்கிடம் போங்கள்.