உப்பும் மேலைக்காற்றும்: சென்னைக் கரையில் மீன் கருவாடாகும் விதம்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்களுக்கு, தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் அரசு விதிக்கும் தடை அது. காசிமேட்டில் வஞ்சிரமும் வவ்வாலும் அரிதாகி விலை ஏறும் அந்த வாரங்களில் சென்னை வீடுகள் பலவற்றில் கருவாட்டுக் குழம்பு அடிக்கடி கொதிக்கிறது. விற்காமல் போன மீனை வீணாக்க மனமின்றிக் காயவைத்ததுதான் கருவாடு என்று எண்ணுவோர் பலர் உண்டு. அந்த எண்ணம் தவறானது. கடற்கரையின் உப்பையும் வெயிலையும் காற்றையும் நுட்பமாகக் கணித்து, நுண்ணுயிர்களுக்கு நீர் கிடைக்காமல் செய்யும் தொழில்நுட்பம் அது. குளிர்பதனப் பெட்டி வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தக் கரையின் மக்கள் அதில் தேர்ந்திருந்தார்கள்.

மீன் ஏன் இவ்வளவு விரைவாகக் கெடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மீன் தசையில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு வரை நீர்தான். ஆட்டிறைச்சியோடு ஒப்பிட்டால் அதன் தசைநார்கள் குட்டையானவை. அவற்றைப் பிணைக்கும் திசுவும் குறைவு. உயிர் போன சில மணி நேரத்திலேயே தசைக்குள் இருக்கும் நொதிகள் தசையையே செரிக்கத் தொடங்குகின்றன. அதுவரை தோல், செவுள், குடல் ஆகிய இடங்களில் அடங்கியிருந்த பாக்டீரியாக்கள் உள்ளே பரவுகின்றன. கடல்மீன்கள் உப்பு நீரில் வாழ்வதற்காகத் தம் உடலில் டிரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற சேர்மத்தைச் சேர்த்து வைத்திருக்கின்றன. வாடையற்ற இந்தச் சேர்மத்தை பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமீனாக மாற்றும்போது எழுவதுதான் நாம் மீன் கவிச்சி என்று முகம் சுளிக்கும் வாடை. சென்னையின் மே மாத வெப்பத்தில் இவை அனைத்தும் ஒரே பகலில் நடந்து முடிந்துவிடும்.

இந்த வேலைகள் அனைத்திற்கும் நீர் தேவை. ஆனால் மீனுக்குள் நீர் எவ்வளவு இருக்கிறது என்பதை விட, அந்த நீரில் எவ்வளவு கட்டற்றதாக, நுண்ணுயிர் எடுத்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. உணவு அறிவியலில் இதற்கு நீர்ச் செயல்திறன் என்ற அளவு உண்டு. தூய நீருக்கு அதன் மதிப்பு 1. புதிய மீனுக்கு ஏறத்தாழ 0.98. அது 0.90க்குக் கீழே இறங்கினால் மீனைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பெருக முடியாமல் நின்றுவிடுகின்றன. உணவு நஞ்சாவதற்குக் காரணமான ஸ்டாஃபிலோகாக்கஸ் 0.86 வரை தாக்குப்பிடிக்கும். பூஞ்சைகளில் பெரும்பாலானவை 0.80க்குக் கீழே ஓய்கின்றன; பிடிவாதமான சில 0.65 வரை வளரும். 0.60க்குக் கீழே எதுவுமே வளர்வதில்லை. கருவாடு போடுபவரின் கைத்திறன் முழுவதும் இந்த எண்ணைக் கீழே இறக்குவதில்தான் அடங்கியிருக்கிறது.

இறக்குவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. நீரை வெளியேற்றுவது ஒன்று. எஞ்சிய நீரைக் கட்டிப்போடுவது மற்றொன்று. உப்பு இரண்டையும் செய்கிறது. பெரிய மீனைப் பிளந்து, குடலை நீக்கிக் கழுவி, மூன்று அல்லது நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்ற அளவில் அடுக்கடுக்காகத் தூவி, தொட்டியில் ஓரிரு நாட்கள் ஊற வைக்கிறார்கள். சவ்வூடுபரவலால் தசையின் நீர் வெளியே கசிகிறது. உப்பு மெல்ல உள்ளே ஊடுருவுகிறது. உள்ளே புகுந்த சோடியம், குளோரைடு அயனிகள் ஒவ்வொன்றும் தம்மைச் சுற்றி நீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்வதால், ஈரம் இருந்தும் நுண்ணுயிருக்கு அது எட்டாமல் போகிறது. உப்பு முற்றும் கரைந்து தெவிட்டிய கரைசலின் நீர்ச் செயல்திறன் 0.75. எனவேதான் நன்றாக உப்பேறிய சுறாக் கருவாட்டில் நூற்றுக்கு 35 பங்கு ஈரம் எஞ்சியிருந்தாலும் அது தாங்குகிறது.

நெத்திலியின் கதை வேறு. விரல் கனம்கூட இல்லாத அந்த மீனைப் பெரும்பாலும் உப்பிடாமலேயே வெயிலில் போடுகிறார்கள். நீர் தசையின் நடுவிலிருந்து மேற்பரப்புக்கு வர எடுத்துக்கொள்ளும் நேரம், தடிமனின் இருமடியை ஒட்டி உயர்கிறது. தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். நெத்திலி காலையில் விரித்தால் கெடுவதற்கு முன்பே வற்றிவிடும். வஞ்சிரத்தை அப்படி முழுதாகப் போட்டால் உள்ளே அழுகிவிடும். உப்பின் துணை இல்லாததால் நெத்திலியின் ஈரத்தை நூற்றுக்கு 15 பங்கிற்கும் கீழே கொண்டுவர வேண்டும். கையில் எடுத்தால் ஓலைபோல் ஒடிய வேண்டும் என்று வியாபாரிகள் எதிர்பார்ப்பதன் பொருள் இதுவே.

எந்த உப்பாக இருந்தாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. சென்னைக்கு வடக்கே எண்ணூர், அத்திப்பட்டுப் பகுதியிலும், தெற்கே கேளம்பாக்கம், கோவளம் பகுதியிலும், இன்னும் தெற்கே மரக்காணத்திலும் உப்பளங்கள் அமைந்தன. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. பாத்திகளில் அந்த நீர் வெயிலில் சுண்டும்போது முதலில் சுண்ணாம்பும், பிறகு ஜிப்சமும் படிகின்றன. நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பின்னரே சோற்றுப்பு பூக்கத் தொடங்குகிறது. அதற்கு மேலும் சுண்டவிட்டால் கசப்பான மக்னீசியம் உப்புகள் சேர்ந்துவிடும். ஆகவே உரிய நேரத்தில் எஞ்சிய நீரை வடித்துவிடுவது உப்பளத் தொழிலாளியின் கண்ணளவில் இருக்கிறது. மக்னீசியமும் கால்சியமும் மிகுந்த உப்பு மீனுக்குள் மெதுவாகவே ஊடுருவும். கருவாடு வெளுத்து விறைக்கும், கசக்கும். மேலும், மக்னீசியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 33 விழுக்காட்டைத் தாண்டினாலே நீரை உறிஞ்சிக் கசியும் தன்மையுடையது. அத்தகைய உப்பில் போட்ட கருவாடு எந்தப் பருவத்திலும் முழுமையாகக் காய்வதில்லை.

இந்த உப்புக்கும் மீனுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. அகநானூற்றின் 140ஆம் பாட்டு, பரதவர் கழியில் உழாமல் விளைவித்த உப்பையும், அதை நெல்லுக்கு மாற்றாகச் சேரியில் கூவி விற்ற உமணர் குலப் பெண்ணையும் காட்டுகிறது. நற்றிணையின் 45ஆம் பாட்டில், சுறாவை அறுத்துக் காயவிட்ட துண்டுகளைப் பறவைகள் கொத்தாமல் ஓட்டும் நெய்தல் நிலப் பெண்களைக் காண்கிறோம். இன்று குப்பங்களில் கருவாட்டைப் புரட்டி, காக்கை விரட்டி, அள்ளி விற்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்தின் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. கரையோர உப்பு பக்கிங்காம் கால்வாயில் படகேறி நகருக்கு வந்தது. சென்ட்ரலுக்கு அருகே சால்ட் கோட்டர்ஸ் என்று இன்றும் வழங்கும் ரயில் சரக்கு நிலையம், அந்த உப்புக் கிடங்குகள் இருந்த இடம். வரியால் உப்பு விலை உயர்ந்தபோது மீனவர் உப்பைக் குறைத்தார்கள், கருவாடு கெட்டது. 1873இல் இந்திய மீன்வளம் குறித்து அறிக்கை அளித்த மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே இந்தத் தொடர்பைக் கவனப்படுத்தினார். பின்னர் சென்னை மாகாணக் கரையோரங்களில், வரியில்லா உப்பு வழங்கி மீனைப் பதப்படுத்தும் அரசு முற்றங்கள் உருவாயின. ஒரு வரி, வேதியியலின் வழியாக ஏழைகளின் உணவுக்குள் எப்படி நுழைந்தது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வரலாறு வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

வெயிலிலே உப்பு விளைவதால் வரும் சிக்கல் ஒன்றும் உண்டு. பாத்தி நீரைச் செந்நிறமாக்கும் உப்பு விரும்பும் நுண்ணுயிர்கள் 0.75 நீர்ச் செயல்திறனிலும் வாழக்கூடியவை, உப்புப் பரல்களோடு அவை கருவாட்டுக்கும் வந்து, ஈரம் கூடிய நாட்களில் இளஞ்சிவப்புத் திட்டுகளாகப் படர்கின்றன. நோய் தருபவை அல்ல என்றாலும் தசையைக் குழைத்து நாற்றமெடுக்கச் செய்துவிடும்.

இனிக் காற்றுக்கு வருவோம். சென்னையின் தனித்தன்மை இதில்தான் இருக்கிறது. 0.75 என்ற எண்ணுக்குக் காற்றிலும் ஓர் இணை உண்டு. உப்பேறிய கருவாட்டைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டிற்குக் கீழே இருந்தால் அது தொடர்ந்து காயும். மேலே போனால் காற்றிலிருந்து நீரை இழுத்து நமுத்துப் போகும். கோடையில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் மேலைக்காற்று, மழையை அந்தப் பக்கமே இறக்கிவிட்டுச் சூடேறி வறண்டு சென்னையை அடைகிறது. முற்பகலில் அதன் ஈரப்பதம் 50 விழுக்காட்டிற்கும் கீழே இறங்குவதுண்டு. பிற்பகலில், வெப்பமேறிய நிலத்தின் மேல் காற்று எழும்ப, கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. நகரவாசிகளுக்கு அது நிம்மதி. காய்ந்து முடியும் கட்டத்தில் இருக்கும் கருவாட்டுக்கு அது தடை. முதல் நாள் போட்ட பச்சை மீனுக்கு மட்டும் கடற்காற்றும் உதவும், ஏனெனில் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை வீசும் எந்தக் காற்றும் நீராவியை அள்ளிச் செல்லும். ஈரம் உள்ளே ஒடுங்கிய பிறகு காற்றின் வறட்சிதான் வேலை செய்ய வேண்டும்.

அதற்காக உச்சி வெயிலில் ஒரேயடியாகக் காயவைத்தாலும் கெடுதலே. மேற்பரப்பு மட்டும் இறுகி உறையாகிவிட்டால் உள்ளிருக்கும் நீருக்கு வழி அடைபடுகிறது. மாலையில் மீனை அள்ளிக் குவித்து மூடி வைப்பதற்குப் பனி மட்டும் காரணமன்று. இரவு முழுவதும் நடுப்பகுதியின் ஈரம் மெல்ல வெளிப்புறம் பரவ, மறுநாள் வெயில் அதை எடுத்துக்கொள்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில், ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் கொட்டும் நாட்களில், இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

கருவாட்டின் சுவை வெறும் உப்பின் சுவை அன்று. தசையின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி சிதைந்து இனோசினேட் என்ற பொருள் உருவாகிறது; புரதங்கள் மெல்ல உடைந்து குளூட்டமேட் விடுபடுகிறது. ஜப்பானில் கிகுனே இகெடா 1908இல் கடற்பாசியிலிருந்து குளூட்டமேட்டின் சுவையைக் கண்டறிந்தார். 1913இல் ஷின்டாரோ கோடாமா காய்ந்த சூரை மீனில் இனோசினேட்டை இனங்கண்டார். இரண்டும் சேரும்போது சுவை கூட்டுத்தொகையைத் தாண்டிப் பன்மடங்காகிறது. ஒரு துண்டு வாளைக் கருவாடு ஒரு சட்டிக் கத்திரிக்காய்க் குழம்பைத் தூக்கி நிறுத்துவதன் காரணம் இதுதான். சமைக்கும் முன் வெந்நீரில் ஊற வைப்பது உப்பைக் குறைக்கிறது. புளியின் அமிலம், காரத்தன்மை கொண்ட டிரைமெத்திலமீனோடு சேர்ந்து ஆவியாகாத உப்பாக அதை மாற்றுவதால் வாடை அடங்குகிறது. ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் ஊற்றும் கேழ்வரகுக் கூழுக்குக் கருவாட்டுக் குழம்பைத் துணையாக வைக்கும் வழக்கமும் சத்துக் கணக்கில் பொருத்தமானது: தானியத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் மீனில் மிகுதி.

ஆனால் உப்பும் வெயிலும் ஏற்கெனவே கெட்ட மீனைத் திருத்தாது. காணாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்கள் பனிக்கட்டியின்றி வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். உப்பிட்டாலும், காயவைத்தாலும், கொதிக்க வைத்தாலும் அது அழிவதில்லை. கருவாட்டுக்கும் நல்ல மீனே வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். அதைப் போலவே காயவைக்க நல்ல இடமும் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகத்தின் கற்சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடுக்கப்பட்டு மெரினா அகன்றது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. மணற்பரப்பை இழந்த வடசென்னைக் குப்பங்களில் சாலையோரமும் தடுப்புக் கற்களும் மொட்டைமாடிகளும் களமாகின. இடுப்புயரப் பரணில் வலையை விரித்து அதன்மேல் மீனைப் பரப்பினால் அடியிலிருந்தும் காற்று புகும். மணலும் நாயும் அண்டாது. இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை, ஒதுக்கப்பட்ட சிறிது நிலம் போதும். கொச்சியில் 1957இல் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த சூரிய உலர்த்திகள் மழைநாட்களுக்கும் வழிசெய்கின்றன.

வாங்குபவர்கள் கருவாட்டை வளைத்துப் பார்த்து, தசை பிளவுபட்டுப் பிசுபிசுத்தால் தவிர்க்கலாம். இளஞ்சிவப்புத் திட்டு இருந்தாலும் வேண்டாம். செப்டம்பர் முடிவதற்குள் வீட்டிலிருக்கும் கருவாட்டை ஒருமுறை முற்பகல் வெயிலில் காட்டி, கடற்காற்று வருமுன் எடுத்து, சூடு ஆறியதும் காற்றுப்புகா டப்பாவில் அடைத்துவிட்டால் மழைக்காலம் முழுவதும் நமுக்காமல் இருக்கும்.