கதைமாந்தர் – சொல் விளக்கம்

கதைக்குள் செயல்படுகிற, பேசுகிற, பிறரால் பேசப்படுகிற ஆளைக் குறிக்கத் தமிழில் இன்று கதாபாத்திரம், பாத்திரம், கதைமாந்தர் என்னும் மூன்று சொற்கள் வழங்குகின்றன. பேச்சு வழக்கில் ‘கேரக்டர்’ இவை மூன்றையும் முந்திக்கொண்டு விட்டது.

கதாபாத்திரம் என்பது வடமொழித் தொடர். அதில் உள்ள ‘பாத்ர’ குடித்தலைக் குறிக்கும் ‘பா’ என்னும் வேரிலிருந்து பிறந்து முதலில் குடிகலத்தையும், பின்னர்ப் பொதுவாகக் கொள்கலத்தையும் குறித்தது. மணிமேகலை கையில் ஏந்தும் அமுதசுரபியைக் காப்பியம் பாத்திரம் என்றே சொல்கிறது. ‘பாத்திரம் பெற்ற காதை’ என்று ஒரு காதைக்குப் பெயரும் உண்டு. கொடுப்பதைக் கொள்ளத் தக்கவர் என்ற பொருள் அடுத்துக் கிளைத்தது. ‘பாத்திரமறிந்து பிச்சையிடு’ என்னும் பழமொழியிலும் ‘நம்பிக்கைக்குப் பாத்திரமானவர்’ என்னும் தொடரிலும் நிற்பது அந்தப் பொருளே. வடமொழி நாடக நூல்கள், வேடத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும் நடிகரைப் பாத்திரம் என்றன. மேடைக்கு அது மிகப் பொருத்தமான சொல். நடிகரே இல்லாத நாவலுக்கும் சிறுகதைக்கும் அச்சொல்லை நீட்டியபோதுதான் பொருள் தளர்ந்தது. ‘பாத்திர வார்ப்பு’ என்னும் திறனாய்வுத் தொடரைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கன்னார் தெருவின் பித்தளை ஓசைதான் கேட்கிறது.

‘கேரக்டர்’ என்பதன் மூலமான கிரேக்கச் சொல் பொறிக்கும் கருவியையும், நாணயத்தில் அக்கருவி பதித்த முத்திரையையும் குறித்தது. அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோஃபிராஸ்டஸ், கஞ்சன், முகத்துதி செய்பவன், வாயாடி என 30 வகை மனிதரை வரைந்து காட்டிய நூலுக்கு இச்சொல்லின் பன்மையே தலைப்பு. ஆகவே ஆங்கிலத்தில் ஆளும் ஆளின் குணமும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. தமிழ் இவ்விரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது: ஆள் மாந்தர், ஆளிடத்து இருப்பது இயல்பு அல்லது பண்பு. ‘நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும் மாந்தர்க்கு இனத்தியல்ப தாகும் அறிவு’ என்ற குறளில் இரண்டு சொற்களும் தத்தம் இடத்தில் நிற்பதைக் காணலாம். திரைத்துறையார் வழங்கும் ‘குணச்சித்திர நடிகர்’ இந்தக் கலப்பில் பிறந்த சொல்லே. எல்லா நடிகரும் ஏதோ ஒரு குணத்தைத்தானே சித்திரிக்கிறார்கள்?

தொல்காப்பியர் இத்தகைய பொதுச்சொல் ஒன்றைத் தேடவில்லை. அவருக்கு வேண்டியது யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்பது. செய்யுள் உறுப்புகள் 34-இல் கூற்று ஒன்று, கேட்போர் ஒன்று. களவில், அதாவது மணத்துக்கு முந்திய மறைவான காதலில், பேசத் தக்கவர் பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, கிழவன், கிழத்தி ஆகிய அறுவர். கற்பில், அதாவது மணவாழ்வில், பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் என்போரும் சேர்வர். ‘சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்’ என்ற விதியினால் இவர்களுக்குப் பெயர் கிடையாது. பெயரும் ஊரும் இல்லாத தோழி ஒவ்வொரு பாட்டிலும் வேறொருத்தியாக நமக்குத் தோன்றுகிறாள் என்றால், அவள் பேசும் பேச்சு ஒன்றே அதற்குக் காரணம்.

மாந்தரைத் தலைமை மாந்தர், துணைமாந்தர், எதிர்நிலை மாந்தர் என்று பிரிப்பது கதையில் அவர்கள் பெறும் இடத்தைப் பொறுத்தது. அதில் சிக்கல் ஏதும் இல்லை. நுட்பமான பிரிவு, ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927-இல் வெளியிட்ட தம் உரைகளில் முன்வைத்தது. ஒரே கருத்தையோ ஒரே குணத்தையோ சுற்றி அமைந்தவரை அவர் தட்டையானவர் என்றார். நம்பத்தகுந்த முறையில் நம்மை வியக்கவைக்கக் கூடியவரை உருண்டையானவர் என்றார். ‘தட்டை மாந்தர்’ என்ற நேர்பெயர்ப்பைவிட ஒருநிலை மாந்தர், முழுநிலை மாந்தர் என்பவையே தமிழில் தெளிவாக நிற்கின்றன.

இதற்கு எங்கள் பழனி மலையிலேயே ஒரு சான்று உண்டு. பொதினி என்று அகநானூற்றின் முதற்பாட்டிலேயே இடம்பெறும் இம்மலைப் பகுதியை ஆண்ட ஆவியர் குடித் தலைவன் பேகன், கற்பனை மாந்தன் அல்லன். ஆயினும் அவனைப் பாடியவர்கள் கையாண்ட முறை கதையாசிரியருக்கும் உரியது. பள்ளிப் பாடத்தின் பேகன் மயிலுக்குப் போர்வை தந்தவன், அவ்வளவே. புறநானூற்றின் 141, 142-ஆம் பாடல்களும் அவனுடைய கொடைமடத்தையே, அதாவது தகுதி பாராது அள்ளித் தரும் பேதைமையையே, பாடுகின்றன. அடுத்த பாட்டில் கபிலர், மலையடுத்த சிற்றூர் ஒன்றின் வாயிலில் நின்று பேகனையும் அவன் மலையையும் தாம் பாடியபோது, ஒருத்தி கண்ணீரை நிறுத்த மாட்டாமல் குழல் ஏங்குவதுபோல் அழுததைச் சொல்லி, ‘யார்கொல் அளியள் தானே’ என்று அவனையே கேட்கிறார். அவள் அவன் பிரிந்து வாழும் மனைவி. மயில் குளிரில் நடுங்குமென்று இரங்கியவனிடம் பரணர், தாம் பசித்து வரவில்லை, தமக்குச் சுற்றத்தின் சுமையும் இல்லை, இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயரைக் களைவதே தாம் வேண்டும் பரிசில் என்கிறார். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் ஐந்து பாட்டுகளில் இப்படி மன்றாடுகிறார்கள். பேகன் ஒரு சொல்லும் பேசவில்லை. ஒருநிலையில் நின்றவன் முழுநிலைக்கு வருவது அந்த இடத்தில்தான். ‘அருளாய் ஆகலோ கொடிதே’ என்று பரணர் அவன் செயலைக் கடிந்தாலும், அவனைக் கொடியவன் என்று எவரும் பழிக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆசிரியர் தாமே ‘இவன் கருமி’ என்று கூறிவிடுவது நேர்முக வெளிப்பாடு. செயல், பேச்சு, பிறர் கூற்று ஆகியவற்றால் உணரவைப்பது மறைமுக வெளிப்பாடு. பூம்பாறைப் பெரியவர் ஒருவர், வடுகபட்டிச் சந்தைக்குப் போகும் பூண்டை வியாபாரிக்கு எடை போட்டபின் தம் கையால் மேலும் ஒரு பிடி அள்ளிப் போடுகிறார். அன்று மாலையே, வேலைக்கு வந்த பெண்ணின் மடியைப் பிரித்துக்காட்டச் சொல்கிறார் என்று எழுதினால், அவரைப் பற்றி ஆசிரியர் ஒரு பண்புச்சொல்லும் சேர்க்கத் தேவையில்லை. நேர்முக வெளிப்பாடே கூடாது என்று இன்றைய பயிலரங்குகளில் சொல்லப்படுவது மிகை. ஒரு பக்கமே வந்துபோகும் துணைமாந்தரை ஒரு வரியில் சொல்லிக் கடப்பது சிக்கனம். தெருக்கூத்தில் வேடதாரி திரைக்குப் பின்னிருந்தே தம்மை அறிவித்துக்கொண்டுதானே சபைக்கு வருகிறார்?

இனி வழக்கு. உரைநடைப் புனைவுக்குக் கதைமாந்தர் என்பதும், அவர்களை உருவாக்கும் கலைக்கு மாந்தர் படைப்பு என்பதும் தகும். மாந்தர் பன்மைச் சொல்லாயிற்றே என்ற தடை பெரிதன்று. ‘அவர் ஒரு கதைமாந்தர்’ என்று உயர்வுப் பன்மையாக எழுதலாம், ஒருமை வேண்டுமிடத்தில் மாந்தன் உண்டு. பெண்ணுக்கு அதற்கிணையான ஒருமை வழக்கில் இல்லாததால் அங்கும் மாந்தர் என்பதே நலம். மேடைக்கும் திரைக்கும் வேடம் போதும். யானையோ நாயோ கதையை நடத்திச் செல்லும்போது மாந்தர் என்று சொல்ல நா எழாது. அங்கே பாத்திரம் என்ற பழைய சொல்லை வைத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.