ராகி வயலுக்கு வந்து போகும் இளங்கொம்பன்கள்

அக்டோபர் பிறந்து ராகி பால் பிடிக்கத் தொடங்கினால், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் பரண் கட்டும் வேலையும் தொடங்கிவிடும். கர்நாடகத்தின் பன்னர்கட்டா காடுகளிலிருந்து யானைகள் இறங்கும் காலம் அது. ஜவளகிரி வழியாக வந்து, நொகனூர், ஊடேதுர்க்கம், சானமாவு என்று காடு விட்டுக் காடு மாறி, சில சூளகிரி வரைக்கும் போகும். அறுவடை முடிந்து வயல் காலியானதும் திரும்பத் தொடங்கும்.

குட்டிகளோடு வரும் கூட்டம் பெரும்பாலும் காட்டை ஒட்டியே நின்றுகொள்ளும். காட்டை விட்டு வெகுதூரம் விலகி, தார்ச்சாலைகளைத் தாண்டி, ஊர்களுக்கு நடுவில் இருக்கும் ஏரிக்கரை வரை வருபவை அதிகமும் ஆண்கள். அவற்றில் பல இளவட்டம்; மனிதரில் சொன்னால் மீசை அரும்பும் வயது. மறுநாள் செய்தியில் 'வழி தவறி வந்த யானை' என்று போடுவார்கள். பெரும்பாலும் அது வழி தவறி வருவதில்லை. எங்கே வருகிறோம், எப்போது திரும்ப வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

யானைக் கூட்டம் என்பது பாட்டி, அம்மா, சித்தி, அக்கா, குட்டிகள் என்று பெண்களின் குடும்பம். மூத்த பெண் யானை முன்னே நடக்கும். பெண் குட்டி சாகும்வரை அந்தக் குடும்பத்திலேயே இருக்கும். ஆண் குட்டியோ பத்து முதல் பதினைந்து வயதுக்குள் மெல்ல விலகிவிடும். ஒரே நாளில் நடப்பதில்லை இது. முதலில் கூட்டத்தின் ஓரத்தில் மேயும், அப்புறம் சில நாள் காணாமல் போய்த் திரும்பும், பிறகு ஒருநாள் திரும்பாது. அதன் முரட்டு விளையாட்டைப் பெரிய பெண்கள் பொறுத்துக்கொள்ளாமல் விரட்டுவதும் உண்டு. கூட்டத்தில் இருப்பவை எல்லாம் ரத்த சொந்தங்கள். அங்கேயே தங்கினால் நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் நடந்து சந்ததி நலியும். ஆண் வெளியேறுவதால் அது தவிர்க்கப்படுகிறது.

மானிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். வட அமெரிக்காவின் வெள்ளைவால் மானில், பல இளம் ஆண் மான்கள் ஒன்றரை வயதை ஒட்டிப் பிறந்த இடத்தை விட்டுப் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். கோடையில் தன் நிலத்தில் பார்த்த ஆண் மான், இலையுதிர்கால வேட்டைப் பருவத்தில் காணவில்லையே என்று அங்கே வேட்டைக்காரர்கள் தேடுவார்கள். அதே சமயம் முன்பின் பார்த்திராத வேறொரு இளம் ஆண் மான் வந்து நிற்கும். பெரிய ஆண் மான்களின் மிரட்டல் ஒரு காரணம். இன்னொரு காரணம் தாய். தாயை இழந்த ஆண் குட்டிகள் பெரும்பாலும் பிறந்த இடத்திலேயே தங்கிவிட்டன என்று ஒரு ஆய்வில் தெரியவந்தது. விரட்ட ஆளில்லை, அதனால் போகவில்லை.

சரி, வீட்டை விட்டு வந்த இளங்கொம்பனுக்கு ராகி வயலில் என்ன வேலை?

ஒரு பெண் யானை சுமார் 22 மாதம் சினையாக இருக்கும். அப்புறம் பால் கொடுக்கும் காலம். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே நாலைந்து வருடம் ஓடிவிடும். ஆகவே எந்த நேரத்திலும் இணை சேரத் தயாராக இருக்கும் பெண்கள் காட்டில் மிகக் குறைவு; அதுவும் சில நாட்களுக்கு மட்டும். அவர்களைத் தேடி ஆண் நெடுந்தூரம் நடக்க வேண்டும், எதிரே வரும் இன்னொரு ஆணோடு மல்லுக்கு நிற்க வேண்டும். உடம்பு பெரிதாக இருப்பவனுக்கே வாய்ப்பு. பெண் யானையின் வளர்ச்சி நின்ற பிறகும் ஆணின் உடம்பு பல வருடம் வளர்ந்துகொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம்.

அதோடு மதம். மதக் காலத்தில் ஆண் யானையின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் பல மடங்கு ஏறும், கன்னத்தில் மதநீர் வழியும். அப்போது அது தீனியைக் குறைத்துக்கொண்டு பெண் கூட்டங்களைத் தேடி அலையும். உடம்பு இளைத்துவிடும். முன்பே தின்று தேறியிருந்தால்தான் மதம் நீண்ட நாள் நிற்கும். இளைத்தவனுக்குச் சீக்கிரம் அடங்கிவிடும். இளவட்டங்களுக்குச் சில நாள், சில வாரம்தான். பெரிய கொம்பன்களுக்கு இரண்டு மூன்று மாதம் கூட நிற்கும்.

இந்தக் கணக்கில் ராகி எங்கே வருகிறது என்று பாருங்கள். மழை முடிந்ததும் காட்டுப் புல் முற்றி நாராகிவிடும், சத்து இறங்கிவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் வயலில் ராகி கதிர் பிடித்து நிற்கிறது. 1980களில் யானை ஆய்வாளர் ரா. சுகுமார் சத்தியமங்கலம், சாமராஜநகர் காடுகளில் செய்த ஆய்வில், காட்டுப் புல்லைவிடப் பயிரில் புரதமும் கால்சியமும் சோடியமும் அதிகம் என்று தெரிந்தது. கூட்டத்துப் பெண்களைவிட வளர்ந்த ஆண்கள் பல மடங்கு அதிக இரவுகள் வயலில் இறங்கியதும் தெரிந்தது. குட்டி வைத்திருக்கும் தாய்க்கு அந்த ஆபத்து கட்டுப்படியாகாது. ஆணுக்கோ, உயிர் தப்பினால் ஆதாயம் பெரிது.

ஆபத்து நிஜமானதுதான். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, வயலைச் சுற்றிச் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்துக் கிடந்தன. கூடவே வந்த இரண்டு குட்டிகள் தப்பின. இதனால்தான் வயலுக்கு வரும் ஆண்கள் இருட்டிய பிறகு இறங்கி, விடிவதற்குள் பக்கத்துச் சிறு காட்டுக்குள்ளோ தைல மரத் தோப்புக்குள்ளோ ஒதுங்கிவிடுகின்றன. தினமும் இரவில் வந்து போவது இந்த ஆபத்தின் கணக்கில். பருவத்துக்கு ஒருமுறை வந்து போவது ராகியின் கணக்கில். மதம் ஏறியவன் கதிர் நிற்கும்போதே வயலை விட்டுப் பெண் கூட்டத்தைத் தேடிப் போகக்கூடும். அது மூன்றாவது கணக்கு.

ஆண் யானை என்றால் ஒற்றை யானை என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஆனால் 2019இல் வெளியான ஒரு ஆய்வு வேறு படம் காட்டுகிறது. தென்னிந்தியாவில் 23 மாதம் எடுத்த 1,445 படப் பதிவுகளிலிருந்து 248 ஆண் யானைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பார்த்தார்கள். காட்டுக்குள் இருக்கும்போது ஆண்கள் தனியாகவோ பெண் கூட்டத்தோடோ திரிந்தன. வயலும் ஊரும் கலந்த துண்டுக் காடுகளில் மட்டும், ஆண்களே சேர்ந்த கூட்டங்கள் நீண்ட நாள் கலையாமல் இருந்தன. அப்படிச் சேர்ந்து மேய்ந்த இளவட்டங்களின் உடம்பு நன்றாகத் தேறியதாகவும் தெரிந்தது. மின்வேலி எது, பட்டாசு வெடிக்கும் இடம் எது, எந்த ஏரியில் பகலில் நிம்மதியாக நிற்கலாம் என்பதையெல்லாம் பெரியவன் பின்னால் போய்ச் சின்னவன் கற்றுக்கொள்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

பெரியவன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் பிலனஸ்பர்க் பூங்கா சாட்சி. பெரிய ஆண்களே இல்லாமல் வளர்ந்த அநாதை இளவட்டங்களுக்கு அங்கே வயதுக்கு முன்பே மதம் பிடித்து, நீண்ட நாள் அடங்காமல் நின்றது. 1990களில் அவை 40க்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. 1998இல் ஆறு பெரிய கொம்பன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இளசுகளின் மதம் அடங்கியது, கொலையும் நின்றது. நம் பக்கத்துக் காடுகளிலும் 1980களில் தந்த வேட்டை பெரிய கொம்பன்களைத்தான் முதலில் தின்றது. அதன் விலையை இன்றைக்கு நாம் எவ்வளவு கொடுக்கிறோம் என்று யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

தொல்லை தரும் யானையைப் பிடித்து வேறு காட்டில் விட்டால் என்ன என்று கேட்பவர்கள் பாலக்கோட்டு மக்னாவை நினைத்துப் பார்க்கலாம். தந்தமில்லாத அந்த ஆண் யானையை 2023 பிப்ரவரியில் பிடித்து லாரியில் ஏற்றி ஆனைமலைக் காட்டில் விட்டார்கள். அதே மாதத்தில் அது பொள்ளாச்சி வழியாக நடந்தே கோவையின் பேரூர் பக்கம் வந்து நின்றது. மறுபடி பிடித்து மறுபடி விட்டார்கள். மறுபடி தோட்டங்களுக்குள் வந்தது. இடத்தை மாற்றலாம், பழகிய தீனியை மறக்கடிக்க முடியாது. இங்கே காலியான இடமும் அப்படியே கிடக்கும் என்று சொல்ல முடியாது. அடுத்த வருடம் ராகி பால் பிடிக்கும்போது, குடும்பத்தை விட்டு வெளியேறிய வேறொரு இளவட்டம் அதே ஏரிக்கரைக்கு வரலாம்.

யானை மோப்பத்தில் கெட்டி. மூடிய இரண்டு வாளிகளில் எதில் தீனி அதிகம் என்று வாசனையை மட்டும் வைத்தே ஆசிய யானைகள் கண்டுபிடித்ததைத் தாய்லாந்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அறுத்த கதிரை வயலிலேயே போராகப் போட்டு வாரக்கணக்கில் விட்டுவைப்பது அதனால்தான் ஆபத்து. ஊரே சேர்ந்து ஒரே சமயத்தில் விதைத்து, ஒரே வாரத்தில் அறுத்துக் களத்துக்குக் கொண்டுபோனால் அவை தங்கும் நாட்கள் குறையும். பட்டாசு வெடித்து நள்ளிரவில் துரத்தினாலோ, அவை பக்கத்து ஊர் வயலில் இறங்கும். அங்கிருந்து அவர்கள் துரத்துவார்கள்.