%பி-க்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட எழுத்துகள்

சி மொழியில் கொஞ்சம் கைவைத்தவர்களுக்குக்கூட, திரையில் எழுத்துகளை அச்சிடும் பிரிண்ட்எஃப் தெரியும். எண் வர வேண்டிய இடத்தில் %டி, சொல் வர வேண்டிய இடத்தில் %எஸ், நினைவக முகவரிக்கு %பி. (நிரலில் இவை ஆங்கில எழுத்துகள், இங்கே ஒலிப்பை மட்டும் எழுதுகிறேன்.) ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்குள் இந்த பிரிண்ட்எஃப் கிடையாது. பிரிண்ட்எஃப் இருக்கும் சி லைப்ரரியே கெர்னலை நம்பித்தான் ஓடுகிறது. அதனிடம் போய்க் கெர்னல் கடன் வாங்க முடியாது. அதனால் பிரிண்ட்கே என்று சொந்தமாக ஒன்றை வைத்திருக்கிறது. அதற்குப் புள்ளி வைத்த தசம எண்களை அச்சிடத் தெரியாது. நினைவகத்தில் எழுதும் வசதி கொண்ட %என், தாக்குபவர்களுக்குத் திறந்த கதவு என்பதால், வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது.

சொந்தச் சமையல் என்றால் சொந்த மசாலாவும் சேர்க்கலாம் அல்லவா? அங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

ஒரு ஐபி முகவரியை எடுத்துக்கொள்வோம்: 192.168.1.10. நினைவகத்தில் இது வெறும் நாலு பைட். பழைய கெர்னலில் இதை அச்சிட, %யூ என்று நாலு தடவை நடுவில் புள்ளி வைத்து எழுதி, முகவரியை நாலு துண்டாக உடைத்துத் தரும் நிப்குவாட் என்ற மேக்ரோவையும் சேர்ப்பார்கள். நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி என்றால் ஆறு துண்டு. அச்சிடும் ஒவ்வோர் இடத்திலும் இதே பாடு.

புதிதாக ஒரு குறி வைத்துக்கொண்டால் போகிறது என்று தோன்றும். குறுக்கே நிற்பது, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர். ஜிசிசி என்ற கம்பைலர், மேற்கோளுக்குள் இருக்கும் குறிகளைப் படித்து, பின்னால் தரும் மதிப்புகளோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கும். தெரியாத எழுத்தைக் கண்டால் எச்சரிக்கும். அந்தச் சோதனையை நிறுத்திவிட்டால் உண்மையான தவறுகளும் தப்பிவிடும். ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னோர் இயங்குதளத்தின் ஆட்கள் தங்கள் கெர்னலின் தனிக் குறிகளைக் கம்பைலருக்கே சொல்லிக்கொடுத்தார்கள்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2008-ல் வேறு வழி பிடித்தார். %பி என்பது கம்பைலருக்கு ஏற்கெனவே தெரிந்த குறி. அதற்கு ஒரு பாயின்டர், அதாவது ஒரு நினைவக முகவரி, வேண்டும், அவ்வளவுதான். அதன் பின்னால் வரும் எழுத்துகள் அதன் கண்ணுக்குச் சாதாரண உரை. அந்த உரையைக் கெர்னல் ஓடும்போது கட்டளையாகப் படித்துக்கொண்டால்?

%பிஐ4 என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். அச்சிடும் ஃபங்ஷன் எழுத்தெழுத்தாக நகர்ந்து வருகிறது. % வந்ததும் நிற்கிறது. பி: சரி, ஒரு பாயின்டர். அடுத்து எட்டிப் பார்த்தால் ஐ, அதற்கடுத்து 4: அப்படியானால் பாயின்டர் காட்டும் இடத்தில் ஐபி முகவரி. அங்கே போய் நாலு பைட்டை எடுத்து, புள்ளி வைத்து எழுதிவிடுகிறது. இதே வரியைச் சாதாரண நிரலில் எழுதினால் பதினாறடிமான எண்ணில் ஒரு முகவரியும், அதன் வாலில் ஐ4 என்ற எழுத்துகளுமே வரும்.

வழி திறந்ததும் குடும்பம் பெருகியது. %பிஎம் மேக் முகவரிக்கு. %பியூ, யூயூஐடி எனும் தனித்துவ அடையாள எண்ணுக்கு. பெரிய எஸ் சேர்ந்தால், கெர்னல் தன் பெயர்ப் பட்டியலில் தேடி, அந்த முகவரி எந்த ஃபங்ஷனுக்குள், எத்தனை பைட் தள்ளி இருக்கிறது என்று சொல்லும். எனக்குப் பிடித்தது %பிஇ. கெர்னலில் பல ஃபங்ஷன்கள் தோற்றுப்போனால் பிழை எண்ணையே பாயின்டர் வேடம் போட்டுத் திருப்பி அனுப்பும். லாகில் (கெர்னலின் செய்திப் பதிவில்) மைனஸ் 12 என்று பார்த்துத் தலையைச் சொறிவதற்குப் பதில், நினைவகம் போதவில்லை என்பதற்கான பெயரே வந்துவிடும்.

இந்தத் தந்திரத்துக்கு விலையும் உண்டு. பாயின்டர் என்பதைத் தாண்டிக் கம்பைலர் எதையும் பார்ப்பதில்லை. ஐபி முகவரி கேட்கும் இடத்தில் வேறெதையோ காட்டும் பாயின்டரைக் கொடுத்தாலும் அது வாய் திறக்காது. கிடைத்த நாலு பைட்டை நம்பகமான முகவரி போலவே கெர்னல் அச்சிடும். இன்னொன்று, %பி-யை ஒட்டி இடைவெளி விடாமல் ஒரு சொல்லை எழுதினால், ஒட்டியிருக்கும் எழுத்துகளையும் எண்களையும் கெர்னல் மொத்தமாக விழுங்கிவிடும்.

அப்புறம் வெறும் %பி-க்கே சிக்கல் வந்தது. லாகில் விழும் உண்மையான முகவரிகள், கெர்னலைத் தாக்க நினைப்பவருக்கு வரைபடம் மாதிரி. 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பிலிருந்து வெறும் %பி உண்மை முகவரியைக் காட்டுவதில்லை. கணினி பூட் ஆகும் ஒவ்வொரு முறையும் மாறும் ரகசியச் சாவியை வைத்து ஹேஷ் செய்த, அதாவது அடையாளம் தெரியாதபடி உருமாற்றிய, எண்ணைத்தான் காட்டும். ஒரே பாயின்டருக்கு அந்த பூட் முழுக்க ஒரே எண் என்பதால், லாகில் இரண்டு வரிகள் ஒரே பொருளைப் பற்றியவையா என்று ஒப்பிட இது போதும்.

உண்மையான முகவரிதான் வேண்டும் என்றால் பின்னால் ஓர் எக்ஸ் சேர்த்து %பிஎக்ஸ் என்று எழுத வேண்டும். எழுதினால், பேட்ச் (நிரல் மாற்றம்) அனுப்பும் முன் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட், இது உனக்கு நிஜமாகவே தேவையா என்று முறைக்கும்.