‘உர்ர்’ என்று மட்டும் எழுதாதீர்கள்

காரைக்குடி சுற்றுவட்டாரத்திலிருந்து எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் அடிக்கடி பார்ப்பது இது: “டாக்டர், நாய் உர்ர்ருங்குது. கடிச்சிருமா?” இதை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. கயிற்றைக் கவ்வி விளையாடும்போதும் உர்ர்தான், எலும்பைக் காக்கும்போதும் உர்ர்தான், வலி தாங்காதபோதும் உர்ர்தான். எழுதிவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி.

நாய்கள் குழம்புவதில்லை. ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பை நெருங்கும் நாய்க்குப் பதிவு செய்த உறுமலைப் போட்டார்கள். தீனி காக்கும் உறுமல் கேட்டதும் பெரும்பாலான நாய்கள் விலகிவிட்டன. விளையாட்டு உறுமலையும், அந்நியரைப் பார்த்து உறுமியதையும் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில், கல்யாணத்துக்கு வந்த பேரப்பிள்ளைகள் தலையைத் தடவினாலே நாய் உறுமியது. “ஆளுக கூடுனதுல மிரண்டிருச்சு தம்பி” என்றார்கள் ஆச்சி. பின்கட்டில் கட்டியிருந்த நாயைப் பார்த்தேன். தலையை வலப்பக்கம் சாய்த்து உதறிக்கொண்டே இருந்தது. காது மடலைத் தூக்கினால் கறுப்பு அழுக்கு, நாற்றம். சுத்தம் செய்து சொட்டுமருந்து கொடுத்தோம். காது ஆறியதும் உறுமலும் நின்றது.

உறுமியதற்காக அதை அடித்திருந்தால்? அடிபட்ட நாய் உறுமுவதை நிறுத்திவிடும், வலி அப்படியே இருக்கும். அடுத்தமுறை எச்சரிக்காமலே கடிக்கலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைவிட ஆபத்து வேறில்லை.

ஆகவே குறுஞ்செய்தியை விட ஒரு சின்ன வீடியோ அனுப்புங்கள். நாய் உறுமியபோது அதன் அருகில் யார் போனார்கள், எங்கே தொட்டார்கள், பக்கத்தில் தீனி இருந்ததா என்று சொல்லுங்கள். பூனைக்கும் இதே கதைதான்: மடியில் சுகமாகப் படுத்திருக்கும்போது வரும் ‘குர்ர்’ அடிபட்டுக் கிடக்கும்போதும் வரும்.

ஒரு நிலையில் மட்டும் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். நாயின் குரல் திடீரென்று கம்மி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் தவித்தால், எலும்பு சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். ரேபிஸாக இருக்கலாம். பிள்ளைகளை விலக்கிவிட்டு, தொடாமல் கதவைச் சாத்தி, உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கடித்திருந்தாலோ எச்சில் புண்ணில் பட்டிருந்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தாலோ எச்சில் புண்ணில் பட்டிருந்தாலோ, ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் போடச் சொல்லிக் கேளுங்கள்.