பத்து மிளகு குடலில் செய்யும் வேலை

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "உடம்பு முழுக்க வலி. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஃபைப்ரோமயால்ஜியா என்கிறார் டாக்டர். ஏற்காட்டு மிளகைத் தட்டிப்போட்டு தினமும் மஞ்சள் பால் குடிக்கச் சொல்கிறார் மாமியார். குடித்தால் குறையுமா?"

சமையல் அளவில் தாராளமாகக் குடிக்கலாம். வலி குறையும் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது.

முதலில் நோயைப் பற்றி. அது கற்பனை அல்ல. பிரமை என்றும் செய்வினை என்றும் சொல்லி இந்தப் பெண்களை அலைக்கழிப்பவர்களை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. தசையிலும் மூட்டிலும் பழுது இருக்காது. தண்டுவடமும் மூளையும் வலிச் செய்தியைப் பெருக்கிவிடுகின்றன. தூக்கமும் கெடுகிறது. கனடாவின் ஹார்வி மொல்டாஃப்ஸ்கி, நல்ல உடல்நிலையில் இருந்தவர்களின் ஆழ்ந்த தூக்கத்தை மட்டும் கலைத்துப் பார்த்து 1975இல் எழுதினார்: காலையில் அவர்களும் உடம்பு வலியோடுதான் எழுந்தார்கள்.

இனி மஞ்சள். அதன் மருந்துச் சரக்கான குர்குமின், மஞ்சள் தூளில் சுமார் 3 சதவீதம்தான். அதையும் உடம்பு உள்ளே விடுவதில்லை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் அது கிடைக்கவே இல்லை, அல்லது மிகச் சொற்பமாகவே கிடைத்தது. கூடவே 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்ததும் உடலில் சேர்ந்த அளவு 2000 சதவீதம் உயர்ந்தது. 1998இல் வெளியான ஆய்வு இது. பைப்பரின் என்பது மிளகின் காரம். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி ஏறும் கொடியிலிருந்து பறித்துக் காயவைத்த மிளகு ஒன்றைக் கடித்தால் நாக்கில் சுரீரென்று ஏறுகிறதே, அதுதான்.

எப்படி நடக்கிறது? குர்குமின் குடல் சுவரின் செல்லுக்குள் நுழைந்ததுமே ஒரு நொதி அதன் மேல் குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டுகிறது. ஒட்டியதும் அது தண்ணீரில் கரையும் பொருளாகிவிடுகிறது. பித்தத்திலோ சிறுநீரிலோ கலந்து வெளியேறிவிடும். லீ பஜார் மண்டியில் மூட்டைக்கு முத்திரை குத்தி லாரியில் ஏற்றி அனுப்புவதைப் போன்ற வேலை இது. பைப்பரின் முத்திரை குத்துபவரின் கையைப் பிடித்துக்கொள்கிறது. அதோடு நிற்பதில்லை. குளுக்குரோனிக் அமிலத்தைச் சர்க்கரையிலிருந்து தயாரித்துத் தரும் இன்னொரு நொதியையும் மந்தமாக்குகிறது; அதாவது மையையும் வற்றவைக்கிறது. எலி, கினிப்பன்றி ஆகியவற்றின் குடலையும் கல்லீரலையும் வைத்து 1993இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். ஒரே மூலக்கூறு ஒரே வழியை இரண்டு இடங்களில் அடைக்கிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இப்போது ஒரு கணக்கு. ஒரு மிளகு ஏறத்தாழ 45 மில்லிகிராம். அதில் பைப்பரின் சுமார் 5 சதவீதம். ஆக, 20 மில்லிகிராமுக்குப் பத்து மிளகு போதும். பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்கிறோமே, அதே பத்து! மிளகுக் கணக்கு சரியாகிவிட்டது. மஞ்சள் கணக்குதான் இடிக்கிறது. 2 கிராம் குர்குமினுக்கு 65 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும். பாலில் நாம் போடுவது ஒரு சிறு கரண்டி. மூட்டுத் தேய்மான வலிக்குக் குர்குமின் ஓரளவு உதவுவதாகச் சில ஆய்வுகள் உண்டு. ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு அப்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிய ஆய்வு இல்லை.

மிளகு மஞ்சளுக்கு மட்டும் வழிவிடுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், ரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனோலால் ஆகியவற்றின் அளவையும் பைப்பரின் ரத்தத்தில் உயர்த்துகிறது. ரசத்தில் விழும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம். பிரித்தெடுத்த பைப்பரின் சேர்த்த குர்குமின் மாத்திரைகளை டாக்டரிடம் சொல்லாமல் வாங்கி விழுங்காதீர்கள்.

இந்தக் குணத்தையே மருந்தாக்கியவர்களும் நம்மவர்கள்தான். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் பழைய மருந்துகளில் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்று ஜம்மு ஆய்வுக்கூடத்தில் சி.கே. அட்டல் தேடப்போய், பைப்பரின் சேர்த்த காசநோய் மாத்திரை வரை அது வந்தது. ரிஃபாம்பிசின் 450 மில்லிகிராம் தேவைப்பட்ட இடத்தில் அதில் 200 போதுமானது.

காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் 1995இல் கொடுத்த காப்புரிமையை எதிர்த்து முறையிட்டு 1997இல் ரத்துசெய்ய வைத்தோம். பெருமைதான். ஆனால் உரிமையைக் காப்பாற்றிய பொருளை நோயாளிகளிடம் முறையாகச் சோதிக்கப் பணம் ஒதுக்கினோமா? யாரும் காப்புரிமை வாங்க முடியாத மஞ்சளுக்கும் மிளகுக்கும் எந்த நிறுவனம் செலவு செய்யும்? அரசுதான் செய்ய வேண்டும்.

வாசகிக்கு இன்றே சொல்லக்கூடியவை இரண்டு. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் வழிகாட்டி இந்த நோய்க்கு அழுத்தமாகப் பரிந்துரைப்பது ஒன்றே ஒன்று: உடற்பயிற்சி. குறைந்த தூர நடையில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். மூலிகை வகையில் என்றால், மிளகாயின் காரமான கேப்சைசின் கலந்த களிம்பு சிறிய ஆய்வுகளில் குறுகிய கால நிவாரணம் தந்திருக்கிறது. முதல் சில நாட்கள் எரியும். பிறகு அந்த இடத்து வலி நரம்புகள் மரத்துப்போகும். தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண்ணில் பட்டுவிடக் கூடாது.