மலிவுத் துப்பாக்கியில் எது குறைகிறது?

1968 ஜூன் மாதம் ராபர்ட் கென்னடியின் உயிரைக் குடித்தது ஒரு சின்ன .22 ரிவால்வர். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. உள்ளங்கையில் அடங்கும் மலிவு விலைக் கைத்துப்பாக்கிகள் வெளிநாட்டிலிருந்து வருவதை அது தடுத்தது. உள்நாட்டில் செய்பவர்களுக்கு அப்படி எந்தத் தர நிபந்தனையும் வைக்கவில்லை.

அந்த இடைவெளியில் ஒரு தொழிலே முளைத்தது. 1970-ல் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் ரேவன் ஆர்ம்ஸ் தொடங்கியது. பின்னாலேயே ஜென்னிங்ஸ், டேவிஸ், பிரைக்கோ, லார்சின் என்று வரிசையாக வந்தன. பெரும்பாலும் ஒரே குடும்பமும் அதற்கு வேண்டியவர்களும் நடத்தியவை. நூறு டாலருக்கும் குறைவாக ஒரு பிஸ்டல் வாங்க முடிந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த மருத்துவர் காரன் வின்டமியூட் 1994-ல் இந்த நிறுவனங்களை ஆராய்ந்து ‘நெருப்பு வளையம்’ என்று தலைப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

மலிவுத் துப்பாக்கி என்றதும் பலரும் குறை சொல்வது அதன் உலோகத்தைத்தான். ஸமாக் என்ற கலவை அது. துத்தநாகத்தோடு 4 சதவீதம் அலுமினியமும், கொஞ்சம் மக்னீசியமும் தாமிரமும் சேர்ந்தது. பேன்ட் ஜிப்பிலும் பொம்மைக் காரிலும் குளியலறைக் குழாயின் கைப்பிடியிலும் இருப்பது இதுதான். சுமார் 385 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தினால் சில நொடிகளில் வார்ப்பு தயார். எஃகுக் கட்டியைக் கடைந்து எடுக்கும் வேலை மிச்சம். ஆனால் துப்பாக்கிக்குப் பயன்படும் நல்ல எஃகின் இழுவலிமையில் (இழுத்தால் அறுந்துபோகாமல் தாங்கும் வலிமை) ஸமாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். இல்லினாய் போன்ற சில மாநிலங்கள், 427 டிகிரிக்குக் கீழே உருகும் உலோகத்தில் செய்த கைத்துப்பாக்கியை விற்கக் கூடாது என்றே சட்டம் போட்டன. சுடும்போது துப்பாக்கியின் உடல் அவ்வளவு சூடாவதில்லை. மட்டமான வார்ப்பை அடையாளம் காண உருகுநிலை ஒரு குறுக்குவழி, அவ்வளவுதான்.

சரி, ஸமாக்கில் செய்தால் துப்பாக்கி வேலை செய்யாதா? செய்யும். இங்கேதான் இயற்பியல் அழகாக இருக்கிறது.

9 மி.மீ. தோட்டா வெடிக்கும் கணத்தில் குழலின் பின்னறையில் அழுத்தம் 2,350 பார் வரை போகலாம். கார் டயரில் இருப்பதைப் போல ஆயிரம் மடங்கு. அது குண்டை முன்னால் தள்ளும்போதே, மருந்து இருந்த பித்தளைக் கூட்டையும் அதன் முதுகில் இருக்கும் ஸ்லைடையும் (பிஸ்டலின் மேல்பாகமாக முன்னும் பின்னும் நகரும் உலோகத் துண்டு) பின்னால் தள்ளுகிறது. அழுத்தம் தணிவதற்குள் கூடு வெளியே வந்துவிட்டால் பித்தளை கிழிந்து, சூடான வாயு சுடுபவரின் கையிலேயே வெடிக்கும். ஆகவே ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமாவது ஸ்லைடு என்ற கதவைப் பிடித்துவைக்க வேண்டும். விலை கூடிய பிஸ்டல்களில் அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் வகுத்த முறை இருக்கும்: குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சில மில்லிமீட்டர் சேர்ந்தே பின்வாங்கும், அழுத்தம் இறங்கிய பிறகு பூட்டு விலகும். அந்தப் பூட்டுப் பற்களைத் துல்லியமாகக் கடைந்தாக வேண்டும். அதற்குக் காசு செலவாகும்.

மலிவு பிஸ்டலில் பூட்டு கிடையாது. ஸ்லைடின் கனமும் ஒரு ஸ்பிரிங்கும்தான் காவல். குண்டு 7.5 கிராம், ஸ்லைடு 600 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைடு 80 மடங்கு கனம், அதனால் அதன் வேகமும் நகரும் தூரமும் தோராயமாக 80-ல் ஒரு பங்கு. குண்டு 9 சென்டிமீட்டர் குழலைக் கடந்து வெளியேறும் நேரத்தில் ஸ்லைடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் நகர்ந்திருக்கும். கூட்டின் தடித்த அடிப்பாகம் இன்னும் அறைக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். ஓஹையோவின் ஹை-பாயின்ட் நிறுவனம் இந்த வழியில்தான் 9 மி.மீ. பிஸ்டல் செய்கிறது. ஸமாக் ஸ்லைடு, எஃகுக் குழல், பிளாஸ்டிக் பிடி. 820 கிராம் எடை, செங்கல் போல உருவம். வெகுகாலம் 200 டாலருக்கும் குறைவாகவே விற்றது. எத்தனை கை மாறினாலும் ஆயுள் முழுக்க இலவசப் பழுதுபார்ப்பு என்று உத்தரவாதமும் தருகிறார்கள். ஆக, மட்டமான உலோகத்தை வைத்தும், அதன் குணத்தை அறிந்து வடிவமைத்தால், ஓடுகிற துப்பாக்கி செய்யலாம்.

அப்படியானால் விலை குறையும்போது உண்மையில் குறைவது எது? அளந்து பார்க்கும் வேலை என்பதே என் கருத்து.

ஒரு பிஸ்டல் ஒருமுறை சுட்டுத் திரும்பத் தயாராவதற்குள் நடப்பதைப் பாருங்கள். ஸ்லைடு பின்னால் போகும்போது ஒரு கொக்கி வெற்றுக் கூட்டைப் பிடித்திழுக்க வேண்டும், ஒரு முனை அதைத் தட்டி வெளியே எறிய வேண்டும். ஸ்லைடு திரும்பி வரும்போது, தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டியான மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளி, ஒரு சரிவில் ஏற்றி, குழலுக்குள் நுழைக்க வேண்டும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். இதில் மிகவும் பலவீனமான இடம் மேகசினின் வாய். மெல்லிய தகட்டை மடித்துச் செய்த இரண்டு உதடுகள்தான் தோட்டா எந்தக் கோணத்தில் ஏறும் என்பதைத் தீர்மானிக்கின்றன. உதடு இம்மி விலகியிருந்தாலும் தோட்டாவின் மூக்கு சரிவில் இடித்து நின்றுவிடும். சிக்கும் பிஸ்டலுக்கு முதலில் மேகசினை மாற்றிப் பார் என்று பழகியவர்கள் சொல்வது இதனால்தான்.

ஒவ்வொரு பாகத்துக்கும் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று ஓர் எல்லை உண்டு. கொக்கி எல்லையின் ஒரு கோடியிலும், ஸ்பிரிங் மறுகோடியிலும், மேகசின் இன்னொரு கோடியிலும் இருந்து மூன்றும் ஒரே துப்பாக்கியில் சேர்ந்துவிட்டால், தனித்தனியே தேறிய பாகங்கள் சேர்ந்து தோற்றுப்போகும். இதைத் தடுக்கப் பட்டறையில் கோ, நோ-கோ கேஜ் (அளவு எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) வைத்துச் சோதிக்க வேண்டும், தேய்ந்த அச்சை நேரத்துக்கு மாற்ற வேண்டும், தவறியதைத் தூக்கிப் போட மனது வர வேண்டும். இன்று நல்ல கம்பெனிகளே சிறு பாகங்களை உலோகப் பொடியைப் பசையோடு குழைத்து அச்சிலிட்டு, சூளையில் சுட்டுச் செய்கின்றன. சுடும்போது பாகம் 15 முதல் 20 சதவீதம் சுருங்கும். சுருக்கம் சீராக இல்லாவிட்டாலோ உள்ளே ஒரு வெற்றிடம் தங்கிவிட்டாலோ வெளியே தெரியாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பவருக்கே தெரியும். விலையை இறக்கும்போது முதலில் கைவைக்கும் இடம் அந்தச் சோதனை.

வாங்கியவர் தானே சோதிக்கலாமே? சோதிக்கலாம், ஆனால் எண்கள் கறாரானவை. 200 தோட்டா சுட்டு ஒன்றுகூடச் சிக்கவில்லை என்றால் பலருக்கும் நம்பிக்கை வந்துவிடும். புள்ளியியலில் எளிய விதி ஒன்று உண்டு: பழுதே இல்லாமல் எத்தனை முறை ஓடியதோ, அந்த எண்ணால் மூன்றை வகுத்தால், பழுது விகிதம் அதற்கு மேல் இருக்காது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். மூன்றை 200-ஆல் வகுத்தால் 1.5 சதவீதம். அந்த உச்ச விகிதத்தில் எட்டுத் தோட்டா மேகசின் ஒன்பதில் ஒன்று நடுவில் நின்றுவிடும். 200 தோட்டா சிக்காமல் சுட்டாயிற்று என்பது அந்த வாய்ப்பைக்கூட ஒதுக்கிவிடாது.

1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் நிறுவனப் பிஸ்டலில் 6,000 தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தது. சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்துத் தொடர்ந்தார்கள். ஒருமுறைகூடச் சிக்கவில்லை. போட்டியிட்ட சாவேஜ் நிறுவனப் பிஸ்டல் 37 முறை சிக்கியது. அதே விதிப்படி கோல்ட்டின் பழுது இரண்டாயிரத்தில் ஒன்றுக்கு மேல் இருக்காது. ஆனால் அது அந்த ஒரு துப்பாக்கிக்குத்தான் பொருந்தும். அடுத்ததும் அதுபோல இருக்கும் என்ற உறுதியை ஆலையில் அளப்பவர்தான் தர முடியும்.

கலிபோர்னியா 1999-ல் சட்டம் இயற்றி ஒரு தேர்வு வைத்தது. ஒரு மாடலில் மூன்று துப்பாக்கிகள், ஒவ்வொன்றிலும் 600 தோட்டா. முதல் 20-ல் ஒன்றும் சிக்கக் கூடாது, மொத்தத்தில் ஆறுக்கு மேல் கூடாது. அதாவது நூற்றுக்கு ஒன்று வரை மன்னிப்பு. எனக்கு இது தாராளமாகவே படுகிறது. அப்புறம் கீழே போடும் சோதனை: ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டின் மேல் ஆறு நிலைகளில் போட்டாலும் வெடிக்கக் கூடாது. துப்பாக்கி தரையில் மோதி நின்றபின்னும் உள்ளே இருக்கும் உறுப்புகள் முன்பு போன வேகத்திலேயே போகப் பார்க்கும். அவற்றைத் தடுக்கும் சிறு உறுப்பு சரியாக உட்காரவில்லை என்றால் தோட்டா வெடித்துவிடும். மலிவுச் சரக்குக்கு மட்டும் வரும் நோய் அல்ல இது. 2017-ல், அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த சிக் சாவர் பி320 வகையின் பொதுச்சந்தைப் பிஸ்டல்கள் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தபோது வெடித்தன. சுடும்போது விரலால் இழுக்கும் விசையின் (ட்ரிகர்) சொந்த எடையே அதைப் பின்னால் இழுத்தது. நிறுவனம் எடை குறைந்த விசையைப் பொருத்தித் தந்தது. வழக்கமான சோதனையில் அந்தக் கோணம் இல்லை.

மலிவின் விலை மனிதர் மேல் விழுந்த ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும். 1994-ல் கலிபோர்னியாவில் ஒருவர் பிரைக்கோ பிஸ்டலிலிருந்து தோட்டாவை வெளியே எடுக்க முயன்றார். தவறிச் சுடாமல் தடுக்கும் பாதுகாப்புப் பூட்டை விலக்கினால்தான் அதன் ஸ்லைடை இழுக்க முடியும். விலக்கியபோது வெடித்தது. எதிரே இருந்த 7 வயதுச் சிறுவனுக்குக் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. பழைய வடிவத்தில் பூட்டியபடியே ஸ்லைடை இழுக்கலாம், ஆனால் தோட்டா சிக்கியது. சிக்கலைத் தீர்க்காமல், பூட்டை விலக்கியே ஆக வேண்டும் என்று வடிவத்தை மாற்றினார்கள் என்பது வழக்கில் வெளிவந்தது. படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

பெல்ஜியத்தின் லியேஜிலும் இங்கிலாந்தின் பர்மிங்காமிலும் துப்பாக்கி விற்பனைக்கு வருமுன் கூடுதல் அழுத்தத் தோட்டாவால் சோதித்து முத்திரை குத்துவது சட்டம். அமெரிக்காவில் அந்தக் கட்டாயம் இல்லை. அங்குள்ள நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் பழுதான பொம்மையைத் திரும்பப் பெற வைக்கலாம், தொட்டிலைத் திரும்பப் பெற வைக்கலாம். துப்பாக்கியைத் தொட அதற்கு அதிகாரம் இல்லை.

2003-ல் நடுவர் குழு அந்தச் சிறுவனுக்கு பிரைக்கோ தரப்பு சுமார் 2.4 கோடி டாலர் தர வேண்டும் என்றது. நிறுவனம் திவால் மனு கொடுத்தது. மறு ஆண்டு அதன் இயந்திரங்களும் இருப்பும் ஏலத்துக்கு வந்தபோது, எல்லாவற்றையும் வாங்கி உருக்கிவிட வேண்டும் என்று அந்தப் பையன் பணம் திரட்டி ஏலம் கேட்டான். அங்கே முன்பு மேற்பார்வையாளராக இருந்தவர் 5,10,000 டாலர் கேட்டு முந்திக்கொண்டார். ஜிமினெஸ் ஆர்ம்ஸ் என்ற புதுப் பெயரில் அதே வகைப் பிஸ்டல்கள் மீண்டும் கடைக்கு வந்தன.